ஒன்றேகால் ரூபாய் முடிப்பு

சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் கோயில் இருந்தாலும், திருமணிமுத்தாற்றின் கரையில் கோட்டைப் பகுதியில் அமர்ந்திருக்கும் அன்னையே எல்லோருக்கும் மூத்தவளாகக் கருதப்பட்டு, கோட்டைப் பெரிய மாரியம்மன் என்று வணங்கப்படுகிறாள். ஆடியில் பூச்சாட்டுதல் ஆனதிலிருந்து உருளுதண்டம் போடுவோரும், பொங்கலிடுவோரும், உப்பும் மிளகும் காணிக்கை செலுத்துவோருமாக அங்கே கால் வைக்க இடமிருக்காது என்பதால், வயதான அம்மாவை ஆடி கழிந்த ஒரு வெள்ளிக்கிழமையில் அழைத்துச் சென்றேன். பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த ஒன்றேகால் ரூபாயை அம்மனுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. எனக்காகவும், நான் சேர்த்துவந்த பழைய காசுகளுக்காகவும் அம்மா செய்துகொண்ட வேண்டுதல் அது.

அம்மா கொலுசு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர். பட்டறையிலிருந்து கொலுசுகளை எடைபோட்டு வீட்டுக்கு வாங்கி வந்து, சலங்கை கோத்துத் திருப்பிக் கொடுத்தால் எடைக்குக் கூலி கிடைக்கும். பழைய வெள்ளி எதுவானாலும் கடைசியில் உருக்குவதற்கு வந்து சேரும் ஊர் இது. அறுந்த அரைஞாணும் நசுங்கிய குங்குமச் சிமிழும் வருவதுபோல, ராணி தலையும் ராஜா தலையும் பொறித்த வெள்ளி ரூபாய்களும் வரும். அவை வெள்ளி உருக்கும் மூசைக்குள் போவதற்கு முன்னால் அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டால், அந்த வாரக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி, வெள்ளி விலைக்கு ஒன்றை எனக்காக வாங்கி வருவார். ஒரு தோலா எடையுள்ள, அதாவது 11.66 கிராம் கொண்ட அந்த ரூபாயில் 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான். விளிம்பின் நடுவே பள்ளம் ஓடினால் பாதி வெள்ளி என்று பட்டறைக்காரர்கள் சொல்லக் கேட்டு, அதை எனக்குக் கற்பித்தவரும் அவரே. நாணயவியல் நூல்களில் அதைப் படித்தது வெகுகாலம் கழித்துத்தான்.

அந்த வாரங்களில் வீட்டில் எதைக் குறைத்துச் சமாளித்தார் என்பதை அவர் சொன்னதில்லை. ஆயினும் பணத்தைவிடப் பெரிதாக நான் மதிப்பது வேறொன்று. பித்தளை விளக்கைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கிப் பழகிய கை அவருடையது. கறுத்துப்போன செப்புக் காசைக் கண்டால் அந்தக் கை எவ்வளவு துறுதுறுத்திருக்கும்! தேய்த்தால் காசு கெட்டுவிடும் என்று நான் ஒருமுறை சொன்னதற்காக, இன்றுவரை என் ஓட்டைக் காலணாக்கள் மீது அவர் ஈரத்துணிகூடப் பட விட்டதில்லை.

உறவினர்கள் வாளாவிருக்கவில்லை. செல்லாக் காசைப் பொறுக்கும் பையன் படிப்பைக் கோட்டைவிடுவான் என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். படிப்பும் நிலைக்க வேண்டும், அவன் ஆசையாய்ச் சேர்த்த காசும் அவனை விட்டுப் போகக் கூடாது என்று அம்மா முடிந்து வைத்தது அப்போதுதான். படித்தேன்; வேலை வெளியூருக்குக் கொண்டுபோயிற்று; பிரார்த்தனை தள்ளிக்கொண்டே போயிற்று.

சன்னதியில் தேங்காய் உடைத்து, தீபாராதனை கண்டு, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் பெற்றுக்கொண்ட பின், உண்டியல் அருகே நின்று அம்மா முடிச்சை அவிழ்த்தார். எந்த ஆண்டுக் காசோ என்று அறியும் ஆவல், அம்மன் முன்னால் நிற்கும்போதும் எனக்கு அடங்கவில்லை என்பதை மறைப்பானேன்? மஞ்சள் ஏறிய ஒரு ரூபாயும், காண்டாமிருகம் பொறித்த ஒரு கால் ரூபாயும் இருந்தன. கால் ரூபாயில் ஆண்டின் கீழே ஐதராபாத் நாணயச்சாலையின் நட்சத்திரம் தெரிந்தது. 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 அன்றே செல்லாதவையாகிவிட்டன என்பதைத் தயங்கியபடியே சொன்னேன்.

"அவளுக்குன்னு முடிஞ்சது கண்ணு, அவகிட்டயே போவட்டும். கோயில் செலவுக்கு நீ தனியாப் போடு" என்றார். இரண்டு காசுகளையும் அவர் போட்டார்; நான் ஒரு நோட்டைப் போட்டேன். பக்தியும் வீட்டுக் கணக்கும் ஒன்றையொன்று இடிக்காமல் போவது அம்மாவிடம் எப்போதும் உள்ள வழக்கம்.

அங்கிருந்து உடையாப்பட்டி கந்தாசிரமத்துக்குச் சென்றோம். சாந்தானந்த சுவாமிகள் குன்றின்மேல் அமைத்த அந்தத் தலத்தில் முருகனும், பதினெட்டுக் கரங்கள் கொண்ட அஷ்டாதசபுஜ மகாலட்சுமி துர்க்கையும் எதிரெதிரே எழுந்தருளியிருக்கிறார்கள். தாயின் பார்வை எப்போதும் மகன்மேலும், மகனின் பார்வை தாய்மேலும் இருக்கும் இந்த அமைப்பைக் காணவே பலர் வருகிறார்கள். பஞ்சமுக ஆஞ்சநேயரின் பெரிய திருவுருவத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. நாங்கள் இரு சன்னதிகளுக்கும் இடைப்பட்ட இடத்தில் அமர்ந்தோம். முதலில் முருகனைப் பார்த்துக் கும்பிட்ட அம்மா, பிறகு மெல்லத் திரும்பி அமர்ந்து அம்மனைப் பார்த்து வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தார். எனக்கென்று கேட்டுக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. உருக்கப்படாமல் தப்பிய ஒவ்வொரு ரூபாயையும் நினைத்து, அதைத் தந்த கை நோவில்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கொலுசு கோத்துக் கோத்து அம்மாவின் விரல்கள் இப்போது முழுமையாக நீள்வதில்லை.

இறங்கி வரும்போது அம்மா இருபது காசுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1968 முதல் 1971 வரை வெளிவந்த, தாமரை பொறித்த பொன்னிற இருபது காசுகளை நூற்றெட்டு சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் தங்கம் கலந்திருப்பதாக ஒரு பேச்சும் உண்டு. உண்மையில் அது செம்பும் அலுமினியமும் சேர்ந்த வெண்கலம். அம்மா என்னிடம் தனக்கென்று கேட்ட காசு அது ஒன்றுதான். அதிலும் இன்னும் சில குறைகின்றன. நான் தேடித் தருவதாகச் சொல்லி முடிப்பதற்குள், "செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த பட்டறை ஒன்றுக்குப் பழைய வெள்ளி ரூபாய்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், சாயங்காலம் உருக்கிவிடுவார்கள், முதலில் அங்கே விடச் சொல்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அம்மா ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினார்.