வூஹானின் ஜீவ அப்பம்

வூஹானில் ஐந்து வருடத்துக்கு மேல் மருத்துவம் படித்தேன். 2020க்குப் பிறகு யாரிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் முகம் மாறுகிறது, அப்புறம் கொரோனாவைப் பற்றிய அதே கேள்விதான் வருகிறது. எனக்கோ வூஹான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பாட்டு. அதைப் பாடிய எஸ்எம்இசட்பி என்ற வூஹான் இசைக்குழுவைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

ஹாஸ்டலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர்தான் எனக்கு இதையெல்லாம் காட்டியவர். அப்போது அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். அங்கே வயதில் மூத்த ஆணை 'க' என்று முடித்துக் கூப்பிடுவார்கள். நான் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டேன், அர்த்தம் தெரிந்ததும் அவருக்கும் அது பிடித்துப்போனது. காலையில் என்னைப் பார்த்தால் முதலில் "குவோசாவ் ஆச்சா?" என்றுதான் கேட்பார். வூஹான்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லும் வார்த்தை அது. ஆகவில்லை என்றால் பக்கத்துக் கடையிலிருந்து எள் விழுது பிசைந்த சூடான நூடுல்ஸ் ஒரு காகிதக் கிண்ணத்தில் வரும்.

அவர் கடை மேஜைக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. உள்ளே பழைய கேசட்டுகள், சிடிக்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பத்தால் அறுத்த மாதிரி ஒரு வெட்டு. பெயர் 'தாகோ'. வெட்டுவாய் விழுந்தது என்று சொல்லலாம். மேற்கு நாடுகளில் விற்காமல் தேங்கிய இசைத் தட்டுகளை இப்படி வெட்டி, பிளாஸ்டிக் கழிவு என்ற கணக்கில் 1990களில் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். உருக்குவதற்காக வந்த சரக்கு அது. ஆனால் துறைமுகத்தைத் தாண்டி மூட்டை மூட்டையாக வெளியே வந்து, ஊர் ஊராகத் தெருவோரத்தில் விற்பனையானது. அறுந்த கேசட் நாடாவை அண்ணன் பசைத்தாள் வைத்து ஒட்டியிருந்தார். சிடியில் அது முடியாது. சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே ஓடுவது. அதனால் ஓரத்தில் வெட்டு விழுந்தால் கடைசிப் பாட்டுகள் போய்விடும். "எனக்கு நிறைய ஆல்பங்களின் முடிவே தெரியாது" என்பார். ஒரு தலைமுறைச் சீன இளைஞர்கள் ராக் இசையையும், அதிலேயே கரடுமுரடாகக் கோபத்தோடு ஒலிக்கும் பங்க் இசையையும் கற்றுக்கொண்டது இந்தக் குப்பையிலிருந்துதான். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

அந்தத் தலைமுறையில் ஒருவர் வூ வெய். பெய்ஜிங்கில் மிடி இசைப் பள்ளியில் படித்துவிட்டு வூஹானுக்குத் திரும்பி வந்தார். 1996இல் டிரம்மர் ஜூ நிங், ஹான் லிஃபெங் ஆகியோரோடு ஒரு பங்க் குழு தொடங்கினார். பெயர் ஷெங்மிங் ஜி பிங். பைபிள் வாசகம்போல, தமிழில் சொன்னால் 'ஜீவ அப்பம்'. நான்கு சீன எழுத்துகளின் முதல் ஒலிகளைச் சேர்த்து எஸ்எம்இசட்பி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அவர் திரும்பி வந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயம். சீனாவில் ராக் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பெய்ஜிங்குக்குப் போவதுதான் வழக்கம். அங்கே வூதாவ்கோ பகுதியில் ஹவ்ஜியாவ் என்ற கிளப், நான்கு பங்க் குழுக்கள் சேர்ந்து 1999இல் போட்ட 'உலியாவ் ஜுன்துவெய்' ('சலிப்புப் படை') ஆல்பம், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள், எல்லாம் இருந்தன. வூஹானில் ஒன்றும் இல்லை. யாங்சியும் ஹான் ஆறும் கூடுகிற இடத்தில் வூச்சாங், ஹான்கோ, ஹான்யாங் என்ற மூன்று ஊர்கள் சேர்ந்து ஒன்றான தொழில் நகரம். உருக்காலை, ரயில், படகுத்துறை. கோடையில் அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். மக்கள் பேசினாலே சண்டை போடுகிறார்களோ என்று தோன்றும். முதல் மாதம் நான் பயந்துவிட்டேன்.

ஆனால் அந்தக் கோபம் பங்க்குக்கு ஏற்ற மண். 1911 அக்டோபர் 10 அன்று வூச்சாங்கில் படைவீரர்கள் கிளர்ந்தார்கள், சில மாதங்களில் சிங் வம்சமே முடிந்தது. "ராஜாவை இறக்கிய ஊர் இது" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். நான் முதலில் சொன்ன பாட்டு வூ வெய் எழுதிய 'தா வூஹான்', அதாவது 'மாபெரும் வூஹான்'. அதிலும் அந்தப் பெருமை இருக்கிறது. ஆனால் ஊரைப் புகழ்ந்துவிட்டுப் போகிற பாட்டு கிடையாது. இந்த ஊர் ஒருநாள் அழகாகும், விடுதலையாகும், இருட்டு எப்போதும் இப்படியே இருக்காது என்று அடித் தொண்டையிலிருந்து கத்துகிறார். இது ஒரு பங்க் நகரம் என்றும் சொல்லிவிடுகிறார். அந்த இடம் வந்தால் அண்ணன் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிடுவார்.

பின்னாட்களில் அவர்கள் இசையில் ஐரிஷ் சாயல் வந்தது. தகரப் புல்லாங்குழலும் பேக்பைப்பும் கிதாரோடு சேர்ந்தன. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒட்டாத சேர்க்கை. காதில் கேட்டால் ஆற்றங்கரைத் துறைமுகத்தில் கூலியாட்கள் கூடிப் பாடுவதுபோல இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் பல முறை போய் வாசித்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வூ வெய் மட்டும் மாறவில்லை. அவர் ஒரு பாரும் நடத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வூஹான் சிறை'.

ஜூ நிங் வேறொரு காரியம் செய்தார். 2005இல் லூமோ சாலையில் வாக்ஸ் என்ற இசை அரங்கத்தைத் தொடங்கினார். 'இளைஞர் குரல், சுதந்திரக் குரல்' என்பது அதன் வாசகம். சுற்றிலும் கல்லூரிகள், வூஹானில் மாணவர்களுக்கா பஞ்சம்? பத்து லட்சம் பேருக்கு மேல் படிக்கிற ஊர். தாளம் போடுகிற ஒருவர் பாட்டுக் கட்டுவதைவிட, அடுத்தவர்கள் பாட ஓர் இடம் கட்டுவது அவசியம் என்று நினைத்திருக்கிறார். நான் எஸ்எம்இசட்பியை மேடையில் பார்த்ததே இல்லை, அந்த வருத்தம் இப்போதும் உண்டு. ஆனால் வாக்ஸில் பல இரவுகள் நின்றிருக்கிறேன். உடற்கூறியல் தேர்வு முடிந்த அன்று அண்ணன்தான் முதலில் கூட்டிப்போனார். மேடையில் இருந்த பையன்களுக்கு என் வயதுதான். முன்வரிசையில் யாரோ தடுமாறி விழுந்தபோது நான்கு கைகள் உடனே தூக்கிவிட்டன. இந்த அறை இல்லாவிட்டால் அந்தப் பையன்கள் எங்கே போய் வாசித்திருப்பார்கள் என்றுதான் அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

2020 ஜனவரியில் குளிர்கால விடுமுறைக்காக ஊருக்குக் கிளம்பினேன். 23ஆம் தேதி வூஹானை மூடினார்கள். மீதிப் படிப்பு லேப்டாப்பில் முடிந்தது. அண்ணனுக்கு வீசாட்டில் தினமும் எழுதினேன். அம்மாவோடு வீட்டுக்குள் இருப்பதாகவும், சமையல் கற்றுக்கொள்வதாகவும் பதில் எழுதுவார். சில நாள் பதிலே வராது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமும் வராது.

ஏப்ரல் 8 அன்று நகரத்தைத் திறந்தார்கள். அன்றிரவு ஆற்றங்கரையிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பினார், முப்பது விநாடிகூட இருக்காது. தூரத்தில் படகுச் சங்கு, காற்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரல். 'தா வூஹான்' பாடுகிறார். சுருதி சேரவில்லை, பாதியில் இருமல் வந்து நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறார்.