பூஜ்யம் பிடிபடாத மூன்று வாரங்கள்

அன்று பினாங்கில் தைப்பூச வெள்ளித் தேர் புறப்படும் நாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையெல்லாம் தேங்காய் உடைந்துகொண்டிருக்க, நான் ஆய்வகத்தின் இருட்டறையில் நைட்ரஜன் சிலிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒளியைக் கொண்டு அளப்பதுதான் எங்கள் வேலை. நிஜக் கட்டியில் அல்ல, தட்டில் வளர்த்த அரை மில்லிமீட்டர் செல் உருண்டைகளில். பிளாட்டினம் போர்ஃபிரின் சாயம் ஏற்றிய பாலிஸ்டைரீன் நானோ துகள்களைச் செல்களோடு சேர்த்து வளர்ப்போம். பச்சை ஒளியைப் பாய்ச்சி நிறுத்தியதும் சாயம் சிவப்பாக ஒளிர்ந்து மங்கும். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சட்டென்று மங்கிவிடும். அறவே இல்லாத இடத்தில் அதன் ஒளிர்வுக் காலம் ஏறத்தாழ 60 மைக்ரோநொடி. பிரகாசத்தை வைத்துக் கணக்கிட முடியாது. துகள் அதிகம் சேர்ந்த மூலையும் பிரகாசமாகத்தான் தெரியும்.

அளவுகோலுக்கு முதலில் பூஜ்யம் வேண்டும், அதாவது ஆக்சிஜனே இல்லாதபோது வரும் அந்த 60. ஆக்சிஜனை விரட்ட, தட்டு வறண்டுவிடாதபடி நைட்ரஜனை மெல்ல விட்டேன். ஒளிர்வுக் காலம் 55 மைக்ரோநொடியைத் தாண்டவில்லை. சாயத்தைத் திட்டினேன், புதிய துகள் தயாரித்தேன், வெப்பநிலையை 37 டிகிரியிலேயே நிறுத்திப் பார்த்தேன். மூன்று வாரம் போயிற்று.

கருவிகளைப் பராமரிக்கும் அண்ணன் சாவியை மறந்து திரும்பி வந்தவர், சிலிண்டரிலிருந்து வரும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இது சிலிக்கோன். காற்று உள்ளே புகுந்துவிடும். இவ்வளவு நீளம் வேறு!"

கணக்குப் போட்டேன். 60-க்கு எட்டாத அந்தக் குறைக்குக் காரணம் ஏறத்தாழ 1 சதவீத ஆக்சிஜன், அதாவது அழுத்தக் கணக்கில் 7 மில்லிமீட்டர் பாதரசம். கட்டிக்குள் நாங்கள் தேடும் ஆக்சிஜன் பஞ்சமே 10 மில்லிமீட்டருக்குக் கீழேதான்! அந்தப் பஞ்சத்தில் கிடக்கும் செல்லைக் கொல்லக் கதிர்வீச்சு இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை வேண்டும் என்பது 1950-களிலிருந்தே தெரிந்த செய்தி. என் குழாயை நம்பியிருந்தால் எந்த உருண்டையைப் பற்றியும் துணிந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

செம்புக் குழாய் மாட்டியதும் 60 வந்தது. பழைய குழாயில் 'ஜாங்கான் குனா' (மலாயில் 'பயன்படுத்தாதே') என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் பார்த்தால் அது வரவேற்பறை மீன்தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.