ரங்கூன் குறிப்புகள்: மாசி முதல் ஆனி வரை

13 பிப்ரவரி 2024
சனிக்கிழமை கட்டாயப் பட்டாளச் சட்டம் வந்தது. வீட்டில் இன்னும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நேற்று வைத்த மீன் குழம்பு சட்டியில் அப்படியே கிடக்கிறது.

19 பிப்ரவரி
தாய்லாந்துத் தூதரகத்தில் விசாவுக்கு ஒரு நாளைக்கு 400 டோக்கன்தானாம். மகன் ராத்திரியே பாயும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பட்டாளத்துக்கு ஆண்களில் வயது 18 முதல் 35 வரை. அவனுக்கு இருபத்துமூன்று. பால்கனியில் நின்று அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன்.

3 மார்ச்
போய்விட்டான். எந்த வழி, யாருடன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

10 மார்ச்
வாயில் வைத்தால் கவளம் பெருகுகிறது. விழுங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் ஐஸ்பெட்டியை நம்பி எதையும் வைக்க முடியாது. அதனால் அரைப்படிக்குமேல் உலை வைப்பதில்லை. அதையும் இவர்தான் முடிக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே கவலை, ஒரே சட்டி. இவருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பசிக்கிறது, எனக்கு நாள் முழுவதும் பசிக்கவே இல்லை.

எதிர்வீட்டு பர்மிய அக்கா, அமா, படியில் பார்க்கும்போதெல்லாம் "தமின் சா பீ பீ லா?" என்கிறார். சாப்பிட்டாச்சு என்கிறேன். வேறென்ன சொல்வது!

25 மார்ச்
பங்குனி உத்திரம். காளியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். சின்ன மதினி கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "என்ன மதினி மருந்து சாப்பிடுறீங்க? இப்படி எளைச்சு அழகாயிட்டீங்களே, எனக்கும் சொல்லுங்க" என்றாள். மகன் போனான், அதுதான் மருந்து என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் பிள்ளைக்குப் பதினேழு. சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

26 மார்ச்
போன் இல்லை.

17 ஏப்ரல்
தண்ணீர்த் திருவிழா என்று பேர், தெருவில் பாதி ஆள் இல்லை. முதல் பேட்சுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எல்லாரும் சன்னமாகப் பேசுகிறார்கள். வார்டு ஆள் ஒருவர் குடும்பப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று ஆறு மாடி ஏறி வந்தார். இவர் பேசி அனுப்பினார். அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததால் சர்பத் கொடுத்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

லுங்கி கட்டுகிறவளுக்கு மெலிந்தது தெரியாது. இன்னும் நாலு விரல் இழுத்துச் செருகினால் முடிந்தது. ரவிக்கைக் கைதான் காட்டிக்கொடுக்கிறது, தோளிலிருந்து தொங்குகிறது. மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறேன். மருந்துக்கடை வாசல் மிஷினில் 129 பவுண்டு. ஜனவரியில் 142.

29 ஏப்ரல்
நேற்று சௌக் ஊரில் 48.2 டிகிரியாம். இங்கே அவ்வளவு இல்லை, ஆனால் மோட்டார் ஓடவில்லை. கீழே இருந்து தண்ணீரைக் குடத்தில் தூக்கினோம். மூன்றாம் மாடியில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். முன்பெல்லாம் அரிசி மூட்டையோடு ஏறியவள்.

3 மே
இவர் விடவில்லை, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். கவலையில் இளைத்துவிட்டேன் என்று நானே சொல்லி முடித்துவிடலாம் என்று போனேன். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முயற்சி இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து போனாலே காரணம் தேட வேண்டுமாம். எனக்கு ஒன்பது போயிருக்கிறது. "கவலைன்றது கடைசியா வர்ற பதில், முதல்ல இல்ல" என்றார். மார்பு எக்ஸ்ரே, சளி, சர்க்கரை, தைராய்டு எல்லாம் எழுதினார். இந்த ஊரில் இளைத்தவரைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் முதலில் காசநோய்தான் ஞாபகம் வரும். தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், எடை குறையும். இதில் எது பயம், எது நோய் என்று வெளியே இருந்து எப்படிப் பிரிப்பது? ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்டேன். கவலை எனக்கு மட்டும் ஏன் பசியைக் கொல்கிறது, இவருக்கு ஏன் கூட்டுகிறது? திடீர் பயத்தில் அட்ரினலின் சுரந்து பசியை அடக்கிவிடும், வயிறும் மெதுவாகும். பயம் நாள்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்ற சுரப்பு பலருக்கு நேர்மாறாகத் தின்னச் சொல்லும், ஆளுக்கு ஆள் மாறும் என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்கு வெளிநாடு போகும் ஆண்களுக்கு அனுமதி நிறுத்தம் என்று இந்த வாரம் செய்தி. இரண்டு மாதம் பிந்தியிருந்தால்!

10 மே
எக்ஸ்ரே சுத்தம். சளியில் ஒன்றும் இல்லை. தைராய்டு சரி. மூன்று மாத சர்க்கரைச் சராசரி போன வருஷம் 6.1, சர்க்கரை வியாதிக்கு வாசற்படி. இப்போது 5.6.

"ஏறவும் விடாதீங்க, இனி இறங்கவும் விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவன் பட்டினி கிடக்கிறானா என்றுகூடத் தெரியாத நாட்களில் என் சர்க்கரை குணமாகியிருக்கிறது. இதை எந்தச் சாமியிடம் போய் நன்றி என்று சொல்வது?

26 மே
வீடு மாறியாச்சு. தாம்வேயில் கீழ்வீடு. பேப்பர் வாங்கப் பால்கனியிலிருந்து தொங்கவிடும் கயிற்றையும் கிளிப்பையும் அங்கேயே விட்டு வந்துவிட்டோம். இங்கே பேப்பர்காரன் கதவையே தட்டுகிறான். படி இல்லை. முட்டிக்கு நிம்மதி.

மத்தியானம் போன் வந்தது. அவன்தான். வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, முதலாளி மூன்று வேளையும் போடுகிறார், காரம்தான் தாங்கவில்லையாம். தென்னாட்டு மிளகாய் தின்று வளர்ந்தவன் சொல்கிறான்! போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சட்டியில் இருந்த சோறு, பருப்பு, காலையில் வாங்கிய மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸின் மிச்சம், இவருக்கு எடுத்து வைத்த வாழைப்பழம். நின்றுகொண்டே.

1 ஜூன்
தடை செய்த தளங்களைத் திறக்கும் வி.பி.என். எதுவும் வேலை செய்யவில்லை. இந்தக் குறிப்பு இணையத்தில் எப்போது ஏறுமோ.

20 ஜூன்
பக்கத்து வீட்டுப் பையன் வேறொன்றைப் போட்டுக்கொடுத்தான்.

எடை 133. பசி என்றால் அப்படிப் பசி. ஆறு மணிக்கு எழுந்ததும் பசி, மழை பெய்தால் பசி. எடை இறங்கிய உடம்பு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்குமாம். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். போதாததற்கு, சாப்பிடாமல் இளைத்தால் கொழுப்போடு சதையும் போகும். அந்த மூன்றாம் மாடி நடுக்கம் அதுதான். அதனால் காலையில் கூடைக்காரி "பெப்யோ" என்று குரல் கொடுத்ததும் ஒரு பொட்டலம் வாங்கிவிடுகிறேன். அவித்த பட்டாணி, கொஞ்சம் எண்ணெய், வெங்காயம், ஒரு முட்டை. மழை விட்டால் கண்டோஜி ஏரிப்பக்கம் நடை. இவரையும் இழுத்துப் போகிறேன், வயிறு அவருக்கும்தானே. மிஷினில் ஏறுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இந்த எடையை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் மனம் இல்லை. பயம் போகட்டும், இது இருக்கட்டும். நேற்று இவரிடம் சொன்னேன். "ரெண்டும் சேர்ந்து வந்தது, தனியா எப்படிப் பிரிப்ப?" என்றார். பிரித்துத்தான் பார்ப்போமே. ஒரு முட்டையும் ஒரு நடையும் பயம் இல்லாமலே செய்யலாம்.

ரவிக்கைகளைப் பிடிக்கத் தையற்காரரிடம் கொடுத்தேன். தையலை வெட்டாமல் உள்ளே மடித்து அடிக்கச் சொன்னேன்.

30 ஜூன்
131. சின்ன மதினி வந்து போனாள். மருந்து பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு ஆகும் என்று இவரிடம் விசாரித்தாள்.

7 ஜூலை
128½. மூன்றுமுறை ஏறி இறங்கிப் பார்த்தேன், அதேதான். ஏரிக்கு ஒழுங்காகப் போனோம், பெப்யோ ஒழுங்காகச் சாப்பிட்டேன், பின்னே ஏன்?

வியாழக்கிழமையிலிருந்து அவன் போன் இல்லை.

ராத்திரி சோறு இறங்கவில்லை. முட்டை இரண்டு அவித்து வைத்திருக்கிறேன், தின்றே ஆகணும். கரண்ட் பதினொரு மணிக்கு வருமாம். வந்ததும் முதலில் போனைச் சார்ஜில் போடணும்.