குடும்பத் திட்டத்திலிருந்து விலகினால் போட்டோ போகாது, மெயில்தான் வராமல் நின்றுபோகலாம்

அத்தான் காசு கட்டி, சேமிப்பு இடத்தை எங்கள் எல்லாரோடும் பகிர்ந்துகொள்ளும் கூகுள் குடும்பக் குழுவிலிருந்து விலகப்போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உன் கல்யாண போட்டோ எல்லாம் அழிஞ்சிருமாடி?" அக்காவுக்கு வேறு சந்தேகம், எனக்கும் அத்தானுக்கும் ஏதாவது மனஸ்தாபமோ என்று.

சண்டையெல்லாம் இல்லை. அக்கா மகனுக்குப் புதிதாகக் கணக்கு தொடங்க வேண்டும், சின்னப் பிள்ளை கணக்கு என்றால் பெற்றோரின் குழுவுக்குள்தான் வரும். ஆனால் நிர்வாகியையும் சேர்த்து மொத்தம் 6 பேருக்குத்தான் இடம். அத்தான், அக்கா, அப்பா, அம்மா, தம்பி, நான் என்று ஏற்கெனவே நிரம்பிவிட்டது. தனியாகச் சம்பாதித்துத் தனியாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான், அதனால் நானே இறங்கிக்கொண்டேன்.

விலகியதுமே போட்டோ எதுவும் அழியாது. ஒவ்வொரு கணக்குக்கும் இலவசமாக 15 ஜிபி உண்டு, நாம் சேமிப்பது முதலில் அதில்தான் நிறையும், அது தீர்ந்த பிறகுதான் குடும்பத்தின் பொது இடத்தைத் தொடும். விலகியதும் அந்தப் பொது இடம் நமக்கு இல்லை, அவ்வளவுதான். 15 ஜிபிக்குள் இருப்பவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. என்னைப் போல பல வருஷமாகக் கொட்டி வைத்தவர்களுக்குத்தான் சிக்கல், ஏனென்றால் கணக்கு அளவு தாண்டிய நிலைக்குப் போய்விடும்.

அந்த நிலையில் எல்லாரும் போட்டோவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், உண்மையில் முதலில் அடி வாங்குவது ஜிமெயில். புது மெயில் வராது, அனுப்பவும் முடியாது, நமக்கு யாராவது அனுப்பினால் அவர்களுக்கே திரும்பிப் போகும். வங்கி ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட், வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் நேர்காணல் அழைப்பு, எல்லாமே இந்தக் கணக்கில்தானே வருகிறது? போட்டோ பேக்கப்பும் நின்றுவிடும். இருப்பதைப் பார்க்கலாம், இறக்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2 வருஷம் அப்படியே அளவு தாண்டிக் கிடந்தால் அழிக்கப்படலாம் என்பதும் விதியில் இருக்கிறது, ஆக அம்மாவின் பயம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

நான் விலகும் முன்பே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். இடத்தை அடைத்தது கல்யாண போட்டோ இல்லை, வாட்ஸப் பேக்கப்! முன்பு ஆண்ட்ராய்டில் இது கணக்கில் சேராமல் இருந்தது, 2024 வாக்கில் அதையும் இந்த 15 ஜிபிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். குடும்ப குரூப்பில் வருகிற காலை வணக்க வீடியோக்களுக்கு இத்தனை நாள் அத்தான் வாடகை கட்டியிருக்கிறார். அவருக்கு இது தெரியாமலும் இருக்காது. நம் போட்டோவை நிர்வாகி பார்க்க முடியாதுதான், ஆனால் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மனுஷன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்னொரு விஷயம், சேமிப்பு இடம், யூடியூப் பிரீமியம், பிளே ஸ்டோரில் பகிர்ந்தவை எல்லாம் ஒரே குழுவில் கட்டியவை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றிலிருந்து மட்டும் விலகுவதற்கு வழியில்லை. பிளேலிஸ்ட் அப்படியே இருக்கும், பிரீமியத்தில் இறக்கி வைத்த வீடியோக்கள் போகும், விளம்பரம் திரும்ப வரும்.

இதையெல்லாம் விட யோசிக்க வேண்டியது 12 மாத விதி. அந்தக் காலத்துக்குள் ஒரு முறைதான் குழு மாறலாம். கல்யாணமாகி வீட்டுக்காரரின் குழுவுக்குப் போகிறவர்கள், தோழியின் குழுவில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாமே என்று இடையில் நுழைந்துவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டத்திலும் இதே 12 மாதக் கணக்குதான், அங்கே ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் இதில் பரவாயில்லை, 2022-லிருந்து நம் ப்ரொஃபைலை, இதுவரை பார்த்தவற்றின் வரலாற்றோடு சேர்த்தே புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான் இப்போது 100 ஜிபி தனியாக எடுத்துக்கொண்டேன். யூடியூபுக்குக் காசு கட்டப்போவதில்லை, விளம்பரம் ஓடும்போது குக்கர் விசிலை எண்ணிக்கொள்கிறேன்.