காரம் மிஞ்சிய வறுவலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

காரம் கூடிப்போன கறியைக் கண்டதும் தண்ணீர்ச் சொம்பைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அதிலும் பள்ளிபாளையம் சிக்கன் போன்ற வறுவலில் தண்ணீர் விழுந்தால் ருசிதான் போகும், காரம் போகாது. மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு; எண்ணெயில் நன்றாகக் கரையும். வரமிளகாயை எண்ணெயில் வதக்கும்போதே காரத்தில் பெரும்பங்கு எண்ணெய்க்குள் இறங்கிவிடுகிறது. முதலில் கைவைக்க வேண்டியது அந்த எண்ணெயில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குமாரபாளையம் வீட்டில் இதற்கு வேலை வந்தது. கோழி எடுத்தால் சமைப்பது என் கொழுந்தனார். பள்ளிபாளையம் இங்கிருந்து பக்கம்தான். அந்த ஊர்ப் பக்குவம் அவருக்குக் கைவந்தது. மசாலாத் தூள் எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, தேங்காய்ச் சில்லு, கோழி, அவ்வளவே. இவ்வளவு குறைவான பொருள்கள் என்பதால் மிளகாய் மாறினால் கறியே மாறிவிடும். அன்றைய மிளகாய் சந்தையில் புதிதாக வாங்கியது. விதையை உதறாமல் கிள்ளிப் போட்டிருந்தார். உண்மையில் விதையைவிட அது ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சதையில்தான் காரம் அதிகம். விதையை உதறினால் அந்தச் சதையும் கொஞ்சம் சேர்ந்து உதிர்ந்துவிடும். நம் பெரியவர்கள் மிளகாயைக் கிள்ளி முறத்தில் தட்டியதற்குப் பலன் இருந்தது.

நாத்தனார் மகள் ஒரு வாய் வைத்ததும் கண்ணீர் வழியத் தண்ணீர் கேட்டாள். என் அத்தை சொம்பை நகர்த்திவிட்டு, "இதைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திரு கண்ணு" என்று கெட்டித் தயிரை ஊட்டினார். தயிரிலும் பாலிலும் இருக்கும் கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொள்ளும், எரிச்சல் தணியும். கூடவே நாக்கில் ஒரு சிட்டிகை கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரைதான் அது. பிள்ளை தேறிவிட்டாள்.

"கொட்டிவிடலாங்களா நங்கை?" என்று கொழுந்தனார் கேட்டார். ஒரு கோழியை முழுசாகக் கொட்டுவதா! வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிச் சாய்த்து வைத்தேன். எண்ணெய் ஒரு பக்கமாக இறங்கியது. அதைக் கரண்டியால் மொண்டு கிண்ணத்தில் எடுத்தேன். பிறகு கறித்துண்டுகளை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, மிளகாயை எல்லாம் தள்ளிவிட்டேன். வேறொரு வாணலியில் புது எண்ணெய் விட்டு, இரண்டு கை சின்ன வெங்காயத்தைச் சிறு தீயில் போட்டேன். இதில் அவசரமே கூடாது. வெங்காயம் குழைந்து பொன்னிறம் ஏறும்போதுதான் அதன் இனிப்பு வெளியே வரும். அந்த இனிப்பு காரத்தோடு நன்றாகப் பொருந்தும். அடுத்து ஒரு மூடித் தேங்காயைச் சில்லாக நறுக்கிப் போட்டு, ஓரம் சிவக்கும்வரை வதக்கினேன். கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு. கடைசியில் கறித்துண்டுகளைச் சேர்த்து ஒரு புரட்டு. தேங்காயில் கொழுப்பு உண்டு. மெல்ல மெல்ல அதுவும் எரிச்சலைத் தணிக்கும். காரம் இருந்தது, ஆனால் சாப்பிட முடிந்தது. பள்ளிபாளையம் சிக்கனாகவே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

காரத்தைக் குறைக்க, அந்தப் பண்டத்தில் ஏற்கெனவே இருப்பதையே கூட்ட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. வறுவலில் தயிரைக் கொட்டினால் அது வேறு கறி. அரிசிம்பருப்புச் சாதத்தில் காரம் ஏறினால், மிளகாயில்லாமல் கொஞ்சம் அரிசியும் பருப்பும் தனியே வேகவைத்துக் கலந்து, நெய் விடுங்கள். நிலக்கடலைச் சட்னிக்கு இன்னும் ஒரு கை வறுத்த கடலை. தேங்காய் அரைத்த குழம்பென்றால் இன்னும் கொஞ்சம் தேங்காய். உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது காரத்தை மட்டும் தேடி உறிஞ்சுவதில்லை, குழம்பைத்தான் இழுக்கிறது. குழம்பின் அளவு கூடுவதால் கிடைக்கும் பலன் மட்டுமே அதில் உண்டு.

இன்னொன்று, கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்து முடிவு கட்டாதீர்கள். சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் நம் உடம்பில் ஒரே ஏற்பிதான், அதாவது நரம்பில் இருந்து உணர்வைப் பிடித்துக்கொடுக்கும் ஒரே புரதம்தான், உணர்கிறது. 1997இல் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கேப்சைசினை வைத்தே அதைக் கண்டுபிடித்தார்கள். ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. சுடச்சுட உயிர்போகிற கறி, ஆறியபின் அடங்கியிருக்கும். நான் கறியை மிதமான சூட்டுக்கு வரவிட்டுத்தான் இலையில் வைத்தேன்.

மொண்டெடுத்த எண்ணெயையும் கொட்டவில்லை. கறிச் சாறு கலந்தது என்பதால் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் கொள்ளுப் பருப்பு கடைந்தபோது அதில் ஒரு கரண்டி எடுத்துத் தாளித்தோம். மிளகாய் தனியாகப் போடவே இல்லை. மீதியில் முட்டை வறுத்துக்கொண்டார் கொழுந்தனார்.