ஃப்ளூவில் படுத்திருந்தபோது உடம்புக்குள் நடந்தது

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள் நான். போன நவம்பரில் வகுப்பில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரிடமிருந்தோ எனக்கும் இன்ஃபுளுயன்சா தொற்றிவிட்டது.

வைரஸ் உள்ளே போனதும் எதுவும் தெரியாது. அறிகுறி வர 1 முதல் 4 நாள் ஆகும். அதற்குள் மூச்சுப்பாதையின் உள்படலச் செல்களில் அது பெருக ஆரம்பித்துவிடும். வைரஸின் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வின் நுனி நம்முடையதைப் போல மூடியிருக்காது. செல்லுக்குள் இருக்கும் ரிக்-ஐ என்ற புரதம் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட, செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததே இன்ஃபுளுயன்சா வைரஸையும் கோழிக்கருச் சவ்வையும் வைத்துத்தான். வைரஸும் லேசுப்பட்டதில்லை. என்.எஸ்.1 என்ற தன் புரதத்தால் இந்த எச்சரிக்கையை அமுக்கப் பார்க்கும்.

எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி முதுகுவலி. ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நடுக்கம். ஃபேனை நிறுத்தி, இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. நெற்றி கொதித்தது, பாதம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

"தொட்டா சுடுது, நீ என்னடி குளிருதுங்கற?" என்றார் அம்மா.

இரண்டுமே நிஜம்தான். மேக்ரோஃபேஜ் போன்ற நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸில் வெப்ப அளவை உயர்த்தி வைத்துவிடும். இலக்கு 102 ஆகிவிட்டால், 99-ல் இருக்கும் உடம்புக்கு அது குளிர்தான். சூடு வெளியே போகாமலிருக்க கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். சூடு உண்டாக்கத் தசைகள் நடுங்கும். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் தலையணை நனையும் அளவுக்கு வேர்த்தது. உடம்புவலியும் பசியின்மையும்கூடப் பெரும்பாலும் இந்தச் சைட்டோகைன்களின் வேலைதான். அம்மா கரைத்துக் கொடுத்த ரசம் சாதம் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் டாக்டர் ஸ்வாப் எடுத்துப் பார்த்து, இன்ஃபுளுயன்சா ஏ என்று சொல்லி ஓசல்டாமிவிர் எழுதினார். புதிதாக உருவான வைரஸ் செல்லை விட்டுப் பிரிந்து பரவாமல் தடுக்கும் மருந்து அது. முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன்.

"ஆன்டிபயாடிக் வேண்டாமா டாக்டர்? சளி பச்சையா வருதே."

"இப்போ வேண்டாம்மா. காய்ச்சல் விட்டு மறுபடி அடிச்சாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

பச்சைச் சளி என்றாலே பாக்டீரியா என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களிலுள்ள மைலோபெராக்ஸிடேஸ் என்சைமுடையது. ஆனால் டாக்டரின் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. வைரஸ் அரித்துவைத்த உள்படலத்தில் பாக்டீரியா எளிதாகக் குடியேறி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

இந்த வைரஸையே குறிவைக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் போதுமான எண்ணிக்கையில் திரண்டு வரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிப்பது பாடத்தில் 'இயல்பு நோய்த்தடைகாப்பு' என்று நாங்கள் நடத்துகிற இந்த முதல் படைதான். எனக்கு அதற்கு முன்பே காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல்தான் லேசில் போகவில்லை. உதிர்ந்த செல்களும் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் மறுபடி வளர வேண்டுமே! அரையாண்டுத் தேர்வு வரை வெந்நீர் பிளாஸ்க்கோடுதான் வகுப்புக்குப் போனேன்.