பேருந்து நிலையக் கழிப்பறைக்காக ஒரு மனு

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகும் திருநங்கை நான். வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்களில் பலருக்குப் பழக்கம். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்த பிறகுதான் இதற்கொரு வழி பார்க்காமல் விடக்கூடாது என்று தோன்றியது.

இறங்கும் ஊரின் பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது. காசு வாங்கும் அண்ணன் பெண்கள் பக்கம் விடமாட்டார். ஆண்கள் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று எழுதவே கூசுகிறது. ஒருநாள் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையின் சாவியை எடுத்துத் தந்தார். திறந்தால் விளக்குமாறு, பினாயில் கேன், உடைந்த வாளி. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். மனு எழுதப்போகும் தோழிகளுக்குச் சொல்கிறேன்: பட்ட பாட்டை நாலு வரியில் முடித்துவிட்டுச் சட்டத்தை எழுதுங்கள். பாலினத்தை அவரவரே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. பொதுக் கழிப்பறையில் எந்தப் பக்கம் போவது என்பது எங்கள் விருப்பம் என்று தூய்மை இந்தியா திட்டத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. இந்தப் பிரிவைப் படித்த பிறகுதான் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்குத் தனியாவே ஒண்ணு கட்டித் தர்றோம்மா” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தனியாக வேண்டும் என்கிற திருநங்கைகளும் உண்டு, அவர்களுக்குக் கட்டட்டும். ஆனால் அதைக் காட்டி இந்தக் கதவை மூடக்கூடாது என்றேன். அடையாள அட்டை நகலை மனுவோடு இணைத்தேன். கழிப்பறை வாசலில் மட்டும் அட்டையைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு எந்தப் பெண்ணிடமும் கேட்பதில்லையே!

ஒப்பந்ததாரருக்குக் கடிதம் போனது, என்னை உள்ளே விட்டார்கள். அப்புறம்தான் பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு அம்மா மகளைச் சட்டென்று பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குறுவை நடவுக்குப் போகிற அக்கா ஒருவர், “கோவிச்சுக்காத தங்கச்சி, இங்க ஒரு கதவுலயும் தாழ்ப்பாள் கிடையாது, யார் வந்தாலும் பயமாத்தான் இருக்கு” என்றார். உண்மைதான். கதவைக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். எனக்கும் அதே பயம்தான்.

தாழ்ப்பாளும் விளக்கும் கேட்டு அடுத்த மனுவை எழுதினேன். அந்த அக்காவும் அவரோடு நடவுக்குப் போகிறவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். மகளை இழுத்துக்கொண்ட அம்மா போடவில்லை. இப்போது எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வந்துவிட்டது. விளக்கு இன்னும் வரவில்லை, அதற்காக மறுபடி மனு கொடுத்திருக்கிறோம்.